தழைமரம்

கூரத்தில் செர்ரி பூத்திருக்கிறது என்று மூன்று வருஷங்களாக நண்பர்களிடம் சொல்லிவந்தேன். எங்கள் கழனியின் வடக்கு வரப்பில் நிற்கிற மரம். மாசி மாதத்தில் இலையெல்லாம் உதிர்ந்துபோன கொம்புகளில் அடிமுதல் நுனிவரை வெளிறிய ரோஜா நிறத்தில் பூ அப்பிக்கொண்டிருக்கும். முதலில் அதைச் செர்ரி என்று சொன்னது யார் என்று யோசித்துப் பார்த்தால் வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. நான்தான். கைபேசியில் படம் எடுத்துச் சென்னையிலிருக்கும் ஒரு கவிஞருக்கு அனுப்பினேன். அவர் ஒன்பது வரியில் ஒரு கவிதை எழுதினார். நல்ல கவிதைதான். அச்சிலும் வந்தது. அதற்குப் பிறகு அந்த மரம் செர்ரி என்பது எங்களுக்குள் ஸ்தாபிதமாகிவிட்டது.

இந்த மாசியில், கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவரோடு அங்கே போக நேர்ந்தது. அவர் மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீழே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இது எந்தப் பூ மாதிரி இருக்கு, சொல்லுங்க" என்றார். பார்த்தேன். அவரைப் பூ. மேலே நிமிர்ந்து விரிந்த ஒரு பெரிய இதழ், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, அடியில் படகு மாதிரிக் கூடிக்கொண்ட இரண்டு. அகத்திப் பூ ஆய்ந்திருக்கிற எந்த வீட்டுக்கும் தெரிந்த அமைப்பு. செர்ரிப் பூவில் ஐந்து இதழ்களும் ஒரே மாதிரி வட்டமாக விரிந்திருக்கும் என்றார். ஜப்பானியச் செர்ரிகளில் ஒவ்வொரு இதழின் நுனியிலும் சின்னதாக ஒரு வெட்டு இருக்குமாம். பட்டையில் கோடுகள் குறுக்குவாட்டில் ஓடுமாம். இலைக்காம்பு இலையைத் தொடுகிற இடத்தில் கடுகை விடச் சிறிய இரண்டு சுரப்பிகள் இருக்குமாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், குளிர் வேண்டும். பல வாரங்கள் நிஜமான குளிரில் கிடந்தால்தான் அதன் மொட்டு உறக்கம் கலையும். காஞ்சிபுரத்து மார்கழி அதற்குப் போதாது.

நம் வரப்பில் நின்றதன் பெயர் கிளைரிசிடியா செப்பியம். மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும் சொந்த ஊர். அங்கே கொக்கோத் தோட்டங்களில் நிழலுக்கு வைப்பதால் ஸ்பானிய மொழியில் 'கொக்கோவின் தாய்' என்று அழைக்கிறார்கள். லத்தீன் பெயருக்கு எலிக்கொல்லி என்று அர்த்தம். விதையும் பட்டையும் எலிக்கு விஷம். இவ்வளவையும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டு அவர் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று வருஷங்களில் அந்த மரத்தை நாற்பது ஐம்பது தடவையாவது படம் எடுத்திருப்பேன். ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

*

தமிழ்நாட்டுச் சமவெளியில் செர்ரி என்று அழைக்கப்படுபவை எல்லாமே வேறு ஏதோ ஒன்றுதான். பள்ளிக்கூடத்து மதிலோரம் பிள்ளைகள் செர்ரி என்று பறித்துத் தின்பது சர்க்கரைப்பழம். தேன்பழம் என்றும் சொல்வார்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு மரம். பேக்கரியில் கேக்கின் மேல் சிவப்பாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறப் போட்ட களாக்காய். இதிலெல்லாம் ஏமாற்றம் இருக்கிறதென்று சொல்ல மாட்டேன். பெயர்கள் இப்படித்தான் பிரயாணம் செய்கின்றன. ஒரு பெயரைக் கேட்டவுடன் எதிரே நிற்பவனுக்கும் நமக்கும் ஒரே பொருள் ஞாபகத்துக்கு வந்தால் போதும், பெயர் தன் வேலையைச் செய்துவிட்டது என்பது ஒரு கட்சி. பெயருக்கும் பொருளுக்கும் இயற்கையான பந்தம் வேண்டும் என்பது இன்னொரு கட்சி. பிளேட்டோவின் க்ராடிலஸ் உரையாடலில் இந்த இரண்டு கட்சிகளும் மோதுகின்றன. நம் நன்னூலில் சண்டை இல்லாமல் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று இரண்டு வரிசையாகப் பிரித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

என் 'செர்ரி' இந்த இரண்டு வரிசையிலும் உட்காரவில்லை. அது இடுகுறி அல்ல. ஊரில் யாரும் அதை அப்படி அழைத்ததில்லை. காரணப்பெயரும் அல்ல. யோசித்தால், அது ஒரு உவமை. 'செர்ரி போல' என்று இருந்ததில் 'போல' உதிர்ந்துவிட்டது.

உவமையாகவே அது நின்றிருந்தால் எனக்கு ஆட்சேபணை இருக்காது. காஞ்சிபுரத்துப் பட்டில் மயில்கழுத்து என்று ஒரு நிறம் உண்டு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். புடவை திரும்புகிறபோது நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். அதற்கு மயில்கழுத்து என்று பெயர் வைத்தவன் மயிலையும் பார்த்தவன், தறியிலும் உட்கார்ந்தவன். இரண்டு பக்கமும் பரிச்சயம் இருந்ததால்தான் ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைக்க முடிந்தது. வெங்காயச் சருகு, மாந்துளிர், வாடாமல்லி என்று அந்தப் பட்டியல் முழுவதும் அப்படித்தான். நான் செர்ரியைப் பார்த்ததில்லை. நாட்காட்டியிலும் சினிமாவிலும் பார்த்திருக்கிறேன். பார்க்காத ஒன்றின் பெயரால், கண்ணெதிரே இருக்கிற ஆனால் பார்க்காத இன்னொன்றை அழைத்தேன். உவமை என்றுகூடச் சொல்லக்கூடாது; உவமைக்கு வேண்டிய இரண்டு பொருள்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் இதே மரத்தை வேலிக்கு வைக்கிறார்கள். சீமைக் கிளுவை என்கிறார்கள். கிளுவை அவர்களுடைய பழைய வேலி மரம். அதைப் போல வேலிக்கு உதவுகிறது, ஆனால் வெளியிலிருந்து வந்தது. 'சீமை' என்ற அடைமொழியில் இருக்கிற நேர்மையை நான் இதுவரை கவனித்ததில்லை. நமக்குத் தெரிந்த ஒன்றில் தொடங்கி, தெரியாததை அதன் பக்கத்தில் நிறுத்தி, அந்நியத்தன்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறது. நான் செய்தது இதற்கு நேர் எதிர். தெரியாத ஒன்றில் தொடங்கி, எங்கள் வீட்டு வரப்பில் இருந்ததை அந்நியமாக்கினேன், அந்நியமானதும் அழகாகிவிட்டது.

*

பெயர் தெரிந்த மறுநாள் தனியாகத் திரும்பவும் போனேன். எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவேளை செர்ரி இல்லையென்றான பிறகும் அது எனக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கவாக இருக்கலாம். அப்போது வரப்போரமாக ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு கிழவி வந்தாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் கழனியில் நடவும் களையெடுப்பும் செய்தவள்.

"இன்னா தம்பி, தழமரத்தப் போயி படம் புடிச்சிக்கினு நிக்கிற?"

பூ நன்றாக இருக்கிறது ஆயா, என்றேன்.

அவள் மரத்தைப் பார்த்தாள். புதிதாகப் பார்ப்பவளைப் போலத்தான் பார்த்தாள். பிறகு, "வெட்டிக்கினே இருந்தா எங்க பூக்கும்? உங்கப்பா இருந்தப்ப இது ஒரு வாட்டிகூட பூத்ததில்ல" என்று சொல்லிவிட்டு ஆடுகளைப் பின்தொடர்ந்து போய்விட்டாள்.

நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. விவசாயத்தில் ஒரு சாதாரண உண்மை அது. இந்த மரத்தை வரப்புகளில் வைக்கச் சொன்னதே தழைக்காக. அவரைக் குடும்பம் என்பதால் வேர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். இலையில் அது செறிந்திருக்கும். போத்து வெட்டி நட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும். நடவுக்கு முன்னால் கொம்பு கொம்பாகக் கழித்து, தழையை உருவிச் சேற்றில் பரப்பி, காலால் மிதிப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் கழித்தாலும் மறுபடி தழையும். பூ வருவது வெட்டாமல் முதிர விட்ட கொம்புகளில். வெட்டுகிற கை இருக்கிற வரைக்கும் மரத்துக்குப் பூக்க அவகாசம் இல்லை.

அப்பா இறந்து பதினொரு வருஷமாகிறது. அண்ணனும் நானும் சென்னையில் இருக்கிறோம். முதல் இரண்டு வருஷம் குத்தகைக்கு விட்டோம். பிறகு அதுவும் கட்டுப்படியாகவில்லை என்று விட்டுவிட்டோம். எண்பது சென்ட் கரம்பாகக் கிடக்கிறது. பக்கத்து நிலத்தில் மஞ்சள் பூசிய மனைக்கற்கள் நடப்பட்டுவிட்டன. எங்களுக்கும் விலை சொல்கிறார்கள். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று அண்ணன் சொல்கிறான்; நானும் மறுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் மரம் பூத்திருக்கிறது. நடவும் களையெடுப்பும் தழை மிதிப்பும் நின்று, அந்த வேலைகளுக்கு வந்தவர்கள் வேறு பிழைப்பு தேடிப்போனதால் கிடைத்த பூ அது. அதைத்தான் மூன்று வருஷங்களாகக் கவிஞர்களுக்குப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

செர்ரி என்ற பெயர் எனக்குச் செய்த உபகாரம் இப்போது புரிகிறது. செர்ரி என்றால் அது பூப்பதற்காகவே இருப்பது. ஏன் பூத்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். தழைமரம் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி தானாக வந்திருக்கும்: தழைமரம் எப்படி இவ்வளவு பூத்தது?

*

நண்பருக்கு எழுதினேன். அது செர்ரி அல்ல என்றும், இன்ன மரம் என்றும், பூத்ததற்குக் காரணம் இன்னதென்றும். அவர் பதில் உடனே வந்தது: "உங்கள் வரப்பில் எது வேண்டுமானாலும் நிற்கட்டும். என் கவிதைக்குள் நிற்பது செர்ரி. கவிதை வேளாண்மைத் துறைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை."

இதை இலேசாக ஒதுக்க முடியாது. நாமெல்லோரும் ஒரு காலத்தில் போராடிப் பெற்ற நிலைப்பாடு இது. கவிதையை அதற்கு வெளியே இருக்கிற சமாசாரங்களை வைத்து அளக்காதே, அதன் சொற்களுக்குள் பார் என்று. தவறான தாவரவியலால் ஒரு கவிதை கெட்டுவிடாது. நம் சங்கக் கவிதைகளையே எடுத்துக்கொள்ளலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற தொண்ணூற்றொன்பது பூக்களில் எத்தனையோ பூக்களுக்கு இன்றைய அடையாளம் பற்றிச் சர்ச்சை தீரவில்லை. காஞ்சி என்ற இந்த ஊர்ப் பெயரே ஒரு மரத்தின் பெயர் என்கிறார்கள். எந்த மரம்? ஆற்றுப்பூவரசு என்று ஒரு சாரார், பூவரசு என்று ஒரு சாரார். தொல்காப்பியம் நிலையாமையைப் பாடுகிற திணைக்கு அதன் பெயரை வைத்தது. புறப்பொருள் வெண்பாமாலையோ எதிரி வரும்போது தன் ஊரைக் காத்து நிற்பவன் சூடும் பூவாக அதைக் கொண்டது. மரம் எது என்று தீர்மானமாகாமலே ஒரு பெருநகரம் அதன் பெயரில் நிற்கிறது. கவிதைகளும் நிற்கின்றன.

ஆனால் குறுந்தொகையின் பத்தாம் பாட்டில் ஓரம்போகியார் அந்தக் காஞ்சியை எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். அங்கே அது தனியாக நின்று பூக்கவில்லை. உழவர்கள் அதன் மெல்லிய கிளையை வளைக்கிறார்கள்; பூந்தாது அவர்கள் மேல் படிகிறது. எந்த இனம் என்பது நமக்குத் தொலைந்துபோயிருக்கலாம்; அந்த மரத்தின் மேல் யாருடைய கை இருந்தது என்பது தொலையவில்லை. நண்பர் கவிதையிலும் என் படத்திலும் இல்லாதது இந்தக் கைதான். நான் கேட்பது லத்தீன் பெயர் இல்லை.

ஜப்பானில் செர்ரிக்கும் கை இருக்கிறது. டோக்கியோவில் எங்கும் நிற்கிற ஸோமே யோஷினோ வகை முழுவதும் ஒட்டுக்கட்டிப் பெருக்கியது. அத்தனை மரமும் உடம்பளவில் ஒரே மரம். ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பூப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பூவுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். 1910-இல் ஜப்பான் வாஷிங்டனுக்கு அனுப்பிய 2,000 செர்ரி மரங்களில் பூச்சியும் புழுவும் இருந்ததென்று அமெரிக்க அதிகாரிகள் அவற்றை எரித்துவிட்டார்கள். 1912-இல் வேறு 3,020 மரங்கள் வந்தன. சிநேகத்தின் சின்னமாக வந்தபோதும் மரத்துக்கு வேர் உண்டு, வேரில் புழு இருக்கலாம் என்பது அங்கே யாருக்கோ ஞாபகம் இருந்திருக்கிறது. பாரதி 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது அவரைக் கவர்ந்தது சொற்சுருக்கம். நாம் பின்னால் சுருக்கத்தோடு சேர்த்து மரத்தையும் எடுத்துக்கொண்டோம், வேரை விட்டுவிட்டு.

இதற்கு எதிராக என் மனசுக்குள்ளேயே எழுகிற ஒரு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கிழவியின் 'தழைமரம்' மட்டும் முழுப் பார்வையா? எத்தனையோ வருஷம் அதைக் கழித்தவள், அது பூத்திருப்பதை நான் சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். பேராசிரியரின் பெயர் இன்னும் மோசம்; சொன்னதும் அவருக்கு மரம் முடிந்துபோயிற்று. உபயோகமும் ஒரு திரை, சாஸ்திரமும் ஒரு திரை என்றால் அழகு மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும்? காரணம் தெரிந்த பிறகும் பூவின் நிறம் வெளிறிவிடவில்லை. தேனீக்கள் நேற்றுப் போலவே இன்றும் வந்தன. ஒரு துக்கத்தின் மேல் பூத்த பூ அழகாக இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டால், நாம் ரசிக்க இந்த உலகில் அதிகம் மிஞ்சாது.

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று திரைகளும் ஒன்றல்ல. கிழவியின் பெயர் அவளுடைய உழைப்பிலிருந்து வந்தது. பேராசிரியரின் பெயர் அவர் படிப்பிலிருந்து. இரண்டுக்கும் அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். நான் என் பெயருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அது எனக்கு வேண்டாத ஒரு கணக்கை என்னிடமிருந்து மறைத்தும் வைத்தது. அழகை ரசித்தது தவறில்லை. அந்த அழகில் எனக்குப் பங்கு உண்டு, நான் விட்டுப்போனதால்தான் அது வந்தது என்பதை அறியாமல் இருந்ததற்குச் செர்ரி என்ற சொல்லைத் துணை வைத்துக்கொண்டதுதான் தவறு.

கணக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேஸ்வரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடுகள் இந்த ஊருடையவை. வடமொழிப் பகுதியில் அரசர்களின் புகழ். தமிழ்ப் பகுதியில் நிலம், ஏரி, கால். தானமாகத் தந்த கிராமத்தை இருபத்தைந்து பங்காக்கி, மண்டபத்துக்குத் தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு, அங்கே பாரதம் வாசிக்க ஒரு பங்கு என்று வகுத்திருக்கிறார்கள். யாருக்குக் கொடுத்தார்கள், யாருடைய உழைப்பின் மேல் கொடுத்தார்கள் என்று இன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பாரதம் வாசிப்பதற்கும் ஒரு துண்டு நிலமும் அதை விளைவிக்கிற தண்ணீரும் தேவை என்பதைச் செம்பில் வெட்டி வைத்தார்கள். இலக்கியம் எந்த வரப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அதில் ஒளிவுமறைவு இல்லை.

*

இந்த ஊர்க்காரன் என்பதால் கூரத்தாழ்வான் கதையைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தேன். பக்தியில்லாமல் வளர்ந்த பிறகும் கதை போகவில்லை. குருபரம்பரைகள் சொல்கிறபடி, அவர் கூரத்தின் பெரிய செல்வந்தர். இரவில் அவர் மாளிகைக் கதவு சாத்துகிற ஓசை காஞ்சி வரை கேட்குமாம். அத்தனையையும் கொடுத்துவிட்டு மனைவியோடு ஸ்ரீரங்கம் போனார். பின்னால் சோழ அரசன் ராமானுஜரைப் பிடித்துவர ஆளனுப்பியபோது, அவருடைய காவியைத் தான் உடுத்திக்கொண்டு, நான்தான் ராமானுஜன் என்று போய் நின்றார். கண்களை இழந்து திரும்பினார்.

தவறான பெயர் சொல்வது எப்போதும் குற்றமா என்ற கேள்விக்கு இதைவிடக் கடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. அவர் சொன்னதும் பொய்ப்பெயர்தான். அடையாளத்தை மாற்றிச் சொன்னார். ஆனால் அந்தப் பெயர் என்ன கேட்குமென்று தெரிந்தே அதை எடுத்துக்கொண்டார், கேட்டபோது கொடுத்தார். கூரத்தைவிட்டு அவரும் போனார், நானும் போனேன். அவர் கொடுத்துவிட்டுப் போனார். நான் விலை ஏறட்டும் என்று வைத்துவிட்டுப் போனேன். ஒரு பொய்ப்பெயருக்காக அவர் கண்ணைக் கொடுத்தார். என் பொய்ப்பெயரை நான் கண்ணை மூடிக்கொள்ளப் பயன்படுத்தினேன். இப்படி ஒப்பிடுவதே அகம்பாவம் என்று தெரிகிறது. ஆனால் ஒரே ஊரில் பிறந்ததால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

நண்பர் கவிதையைத் தொகுப்பில் சேர்க்கப் போகிறார். தலைப்பை மாற்றுவீர்களா என்று நான் கேட்கவில்லை. அது அவர் விஷயம். புதிய படம் ஒன்று அனுப்பச் சொன்னார், அட்டைக்கு ஆகுமா என்று பார்க்க. இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் கீழே தழைமரம் என்று எழுதி அனுப்புவேன் என்று நினைக்கிறேன். அதையும் ஒரு அழகான பெயர் என்று அவர் எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

சித்திரை பிறப்பதற்குள் ஒரு முடிவுக்கு வா என்று அண்ணன் நேற்றுப் பேசினான். நிலத்தை உழவும் இல்லை, விற்கவும் இல்லை. போன வாரம் பார்த்தபோது பூ கொட்டிக்கொண்டிருந்தது. கொம்பு நுனிகளில் தழை துளிர்க்கத் தொடங்கியிருந்தது. வெட்டுகிற பருவம். அரிவாள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.